அரமிண்டாவுக்கு ஊற்றிய மழைத்தண்ணீர்

திர்சா பெட்டிகனுக்கும் அரமிண்டாவுக்கும் ஆகாது என்பது எங்கள் கடலோர ஊரான டோல்ஸ்பரியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒருத்தி ஐந்தடிகூட இல்லாத பெண்பிள்ளை. இன்னொருத்தி எழுபதடி நீளத்துக்கு ஓக் மரத்தில் விலா வைத்து, பைன் பலகை அடித்து, வயிற்றில் மண்ணெண்ணெய் எஞ்சினைப் பொருத்திக் கட்டிய உல்லாசப் படகு. எங்கள் ஊரில் எவனும் படகை ‘அது’ என்று சொல்லமாட்டான். ‘அவள்’தான். இருபத்து மூன்று வருஷம் திர்சாவின் வயிறு எரிந்தது அந்த ‘அவளால்’தான்.

இரண்டு பேரும் ஓபேத்தின் வாழ்க்கைக்குள் ஒரே வசந்தத்தில் வந்தார்கள். 1912 மார்ச்சில் ஓபேத்துக்கும் திர்சாவுக்கும் கல்யாணம். ஏப்ரலில் அரமிண்டா பட்டறையிலிருந்து தண்ணீரில் இறங்கினாள். எங்கள் ஆம்பிளைகளுக்குக் குளிர்காலத்தில் சிப்பி வாருவதும் ஸ்ப்ராட் மீன் பிடிப்பதும் பிழைப்பு. ஏப்ரல் பிறந்துவிட்டால் பணக்காரர்களின் படகுகளில் வேலை. செப்டம்பர் கழிந்துதான் வீட்டு வாசலை மிதிப்பார்கள். ஆக, கல்யாணமான மூன்றாவது வாரம் திர்சா தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றாள். மாப்பிள்ளை அரமிண்டாவின் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதெல்லாம் மோட்டார் படகு என்றால் ஊரில் சிரிப்பு. பாய்மரத்தில் ஊறிய கிழடுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “தகர டப்பா வருதுடோய்” என்பார்கள். ஓபேத்துக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்த எஞ்சினைக் கிளப்ப விளக்கால் அதன் தலையைச் சுடவைக்க வேண்டும். அது மனசு வைத்தால் கிளம்பும், இல்லையென்றால் இல்லை. அதை மனசு வைக்கவைத்தவன் அந்தக் கூட்டத்திலேயே ஓபேத் ஒருத்தன்தான். அக்டோபரில் அவன் வீடு வந்தபோது தலைமுடியில்கூட மண்ணெண்ணெய் வாடை. திர்சா தலையணை உறையை மாற்றி மாற்றித் துவைத்தாள். போகவில்லை.

“வேற பொம்பளை சென்ட் வாடையோட வந்தாக்கூடப் பொறுத்துப்பேன். இது என்னய்யா நாத்தம்?”

“அவ வாசனை அது. பழகிரும்.”

“எனக்கு எதுக்குய்யா பழகணும்?”

அதைவிடப் பெரிய கொடுமை அந்தச் சட்டை. படகு முதலாளி கொடுக்கும் நீலக் கம்பளிச் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்பு நூலில் படகின் பேர் இருக்கும். சீசன் முடியும்வரை ஒழுங்காக நடந்துகொண்டவனுக்குச் சட்டை சொந்தம். அதை மாட்டிக்கொண்டு குளிர்காலம் பூராவும் கடைக்கும் சாராயக்கடைக்கும் திரிவான். அவன் நெஞ்சைப் பார்த்தே யாருடைய ஆள் என்று ஊர் தெரிந்துகொள்ளும். திர்சாவின் புருஷன் நெஞ்சில் இந்தத் தோள் முதல் அந்தத் தோள்வரை ‘அரமிண்டா’. அதைத் துவைத்து, பிழிந்து, அடுப்படியில் காயப்போடுகிறவள் திர்சா! ஒரு நாள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாவது துவைப்பில் கத்தரியை எடுத்து அத்தனை எழுத்தையும் ஒன்று விடாமல் பிரித்து நூலை அடுப்பில் போட்டுவிட்டாள்.

அடுத்த ஏப்ரலில் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பார்த்த கேப்டன் ரஃபிள், ஓபேத்தின் வெறும் நெஞ்சைக் கண்டு நின்றார்.

“பேர் எங்கடா?”

“பூச்சி அரிச்சிருச்சு கேப்டன்.”

“உத்துப் பார்க்கிறேன், சட்டையில ஒரு ஓட்டை இல்லை. எழுத்தை மட்டும் தின்னிருக்கு. எழுத்துப் படிச்ச பூச்சியா அது?”

“ஆமா கேப்டன். ஞாயித்துக்கிழமை பைபிள்கூட வாசிக்கும்.”

வரிசையே வெடித்துச் சிரித்ததாம். கேப்டனும் சிரித்தார், ஆனால் சட்டையை உருவி ஓபேத்திடம் கொடுத்து, அந்தப் பூச்சியே மறுபடி தைத்துத் தரட்டும், இல்லையென்றால் வேறு படகு பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் திர்சா பல்லைக் கடித்துக்கொண்டு, சிவப்பு நூல் கோத்து, சக்களத்தியின் பேரைத் தன் கையாலேயே புருஷன் நெஞ்சுக்குத் தைத்தாள். கடைசி எழுத்து கொஞ்சம் கோணல். அவளுக்கு முடிந்தது அவ்வளவுதான். அதிலிருந்து ஓபேத் அவளைக் கொஞ்சும்போதெல்லாம் ‘பூச்சி’ என்றான். அவளுக்கு அதுவும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷப் படகுப்போட்டி நாளில் ஊர்ப் பெண்களெல்லாம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேலைக்காரர்களின் பெண்டாட்டிகள் படகில் காலை வைக்கக் கூடாது, அது முறை. முதலாளி வெதரல், பிஸ்கட் கம்பெனிக்காரர், ஒரு கிழவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பக்கத்து வீட்டு ஹெப்சி திர்சாவின் விலாவில் இடித்தாள்.

“பார்த்துக்கோடி. அதுதான் அரமிண்டா. அவரோட அத்தை. அந்தம்மா பேரைத்தான் வெச்சிருக்காரு.”

அத்தைக்கு எண்பது வயசிருக்கும். மீசை வேறு.

“இந்தக் கிழவிக்கா நீ ஒரு வருஷமா வயிறெரிஞ்சே!” என்று ஹெப்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“கிழவிக்கா என் புருஷன் முட்டிபோட்டுத் தரை தேய்க்கிறான்? நீ உன் வேலையைப் பாரு” என்றாள் திர்சா. அவள் கண் கிழவி மேல் இல்லை. ஓபேத் படகின் ஓரத்தில் நின்று, யாரோ ஒரு சீமாட்டியின் குதிகால் பட்ட இடத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். என் மேல் பட்ட தூசியை இவன் ஒரு நாளாவது இப்படித் துடைத்திருப்பானா என்று நினைத்தாள்.

1914-ல் உலகச் சண்டை வந்தது. கடற்படைக்காரர்கள் அரமிண்டாவை எடுத்துக்கொண்டு சாம்பல் வண்ணம் அடித்து, முன்னால் ஒரு பீரங்கியை வைத்தார்கள். அவன் இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாது என்று ஓபேத்தையும் கூடவே எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து அவன் எழுதியதெல்லாம் அவள் புராணம். ‘பீரங்கி பாரம் தாங்காம முனகுறா. ராத்திரியெல்லாம் தண்ணி இறைச்சேன்.’ திர்சா விஷக்காய்ச்சலில் கிடந்து, முடி கொட்டி, எழுந்து உட்கார்ந்த வாரத்தில் ஒரு கடுதாசி வந்தது. நாலு பக்கமும் அரமிண்டாவைப் பற்றி. கடைசியில், ‘உன் இருமல் தேவலையா?’ திர்சா அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் படகு மூழ்கட்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் இருப்பவன் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

சண்டை முடிந்து இரண்டும் திரும்பின. வெதரல் அவளை விற்றார். வாங்கியது ஒரு லண்டன் வக்கீல். ரோஜா நிற மெத்தையும் கிராமபோனும் வந்தன. அவருக்கப்புறம் ஒரு பல் வைத்தியர். முதலாளிகள் மாறினார்கள், எஞ்சின் மாறியது, கேப்டன் ரஃபிள் போய்ச் சேர்ந்தார், ஓபேத்தே கேப்டன் ஆனான். நெஞ்சில் பேர் மட்டும் மாறவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் திர்சா, சமையற்கட்டில் ஸ்ப்ராட் மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திரத் தொட்டி ஓபேத்தின் அம்மா உயரத்துக்குக் கட்டியது. மாமியார் ஆறடி. கல்யாணமான நாள் முதல் திர்சாவுக்கு அந்தப் பெட்டிதான்.

பிறகு கெட்ட காலம். பணக்காரர்களுக்கே கையைக் கடித்தது. 1934-ல் பல் வைத்தியர் அரமிண்டாவைக் கடல்தண்ணீர் ஏறி இறங்கும் எங்கள் ஊர் ஓடையில், சேற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினைக் கழற்றி விற்றார். மிச்ச உடம்பை, “வெச்சுக்கோ பெட்டிகன், நீதான் அவளை ஒழுங்கா பார்த்துக்கிட்டே” என்று ஓபேத்திடமே கொடுத்துவிட்டுப் போனார். வேலையும் அத்தோடு போயிற்று. திர்சா உள்ளுக்குள் துள்ளினாள். கிழட்டு மேனி, எஞ்சின் இல்லை, சேற்றில் குத்தவைத்திருக்கிறாள். இனி புருஷன் எனக்குத்தான்!

எங்கே? அந்தக் குளிர்காலம் முழுக்க ஓபேத் விடிந்ததும் சுத்தியலையும் இழைப்புளியையும் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனான். பொழுது சாயும்போதுதான் வருவான். கேட்டால் சிரிப்பான். வசந்தம் வந்ததும் வாயைத் திறந்தான்.

“திர்சா, இந்த வாடகை வீட்டை விட்டுட்டு அவகிட்டயே போயிரலாமா? நம்ம ஊர்ல பாதிப் பேர் இப்போ படகுலதான் இருக்காங்க.”

“ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பேரா? என்னை என்னன்னு நினைச்சே?”

“உள்ள ஒரு தடவை வந்து பாரேன்.”

“இருபத்து மூணு வருஷமா வரக்கூடாதுன்னீங்க. இப்போ அவ கிழவியாயிட்டா, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேணும், அதானே? நான் செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்.”

மே மாதம் ஓபேத் படகுக்குப் போட்டிருந்த பலகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மாடி அறையில், சதுப்பைப் பார்த்த ஜன்னலோரம், காலைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். அந்த வருஷம் பார்த்து வெயில் காய்ச்சி எடுத்தது. அவனுக்குக் கால் வலியைவிட இன்னொரு வலி.

“திர்சா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். காலையும் சாயங்காலமும் அவ மேல்தளத்துல ஓடைத்தண்ணி ஊத்தணும். இல்லைன்னா பலகை காஞ்சு இணைப்பெல்லாம் வாயைப் பொளந்துரும். வேற யாரையும் நம்பமாட்டேன்.”

இருபத்து மூன்று வருஷத்தில் அவன் அவளிடம் முதல்முதலாகக் கெஞ்சினான். யாருக்காக என்று பாருங்கள்! திர்சா வாளிகளை எடுத்தாள். கீழே இறங்கி, கொல்லைப்புறம் போய், கூரைத்தண்ணீர் விழும் பீப்பாய்க்கு முன்னால் நின்றாள்.

எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்: உப்புத்தண்ணீர் மரத்தை ஊறுகாய் மாதிரி கெடாமல் வைத்திருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி உளுக்கவைக்கும். உடனே ஒன்றும் தெரியாது. பலகை நனையும், ஊறும், இணைப்பு மூடிக்கொள்ளும், பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். அழுகல் அடியில் நடக்கும்.

அவள் இரண்டு வாளியையும் பீப்பாயில் முக்கி எடுத்தாள். கரைமேட்டு வழியே, கை இற்றுப்போகும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு, கடலோரத்துக்குத் தண்ணீர் சுமந்து போனாள். முறைப்படி காலே வைக்கக் கூடாத மேல்தளத்தில் சேற்றுச் செருப்போடு ஏறி நின்றாள்.

“இந்தாடி. குடி” என்று ஊற்றினாள்.

ஒரு நாள் அல்ல, அந்தக் கோடை முழுக்க. மழை இல்லாத வாரங்களில் பீப்பாய் வற்றினால் ஊர்க் கிணற்றுக்குப் போனாள். ஹெப்சி வழிமறித்தாள்.

“ஏன்டி, ஓடை பக்கத்துலயே கெடக்கு, நீ எதுக்குக் கெணத்துத் தண்ணியைத் தூக்கிட்டு அலையுறே?”

“பித்தளை கழுவ. பித்தளைக்கு உப்பு ஆகாது.”

“அடேயப்பா! சக்களத்திக்கு இவ்வளவு சேவையா! உன்னை மாதிரி பொண்டாட்டி எவனுக்குக் கெடைக்கும்.”

திர்சா நல்ல பெண்டாட்டி என்று ஊரே பேசிற்று. பாதிரியார்கூடக் கைகுலுக்கிப் பாராட்டினார். ஓபேத் மேலே படுத்தபடி, அரமிண்டாவிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தூரதர்சினியைக் கண்ணில் வைத்து ஓடையையே பார்த்துக்கொண்டிருப்பான். கஞ்சி கொண்டுபோகும் திர்சாவுக்கு அதைப் பார்த்தாலே உடம்பு எரியும்.

“கண்ணுல அதை ஒட்டவெச்சுக்கிட்டே பொறந்தியா? நான் இங்க பக்கத்துல நிக்கிறேன்.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பான் அவன், தூரதர்சினியை இறக்காமல்.

அடுத்த நாள் ஒரு வாளி கூடுதலாகப் போகும்.

படகின் கீழறைக்குள் மட்டும் அவள் இறங்கவே இல்லை. சக்களத்தியின் அடுப்படியில் நமக்கென்ன வேலை என்று வைராக்கியம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம், கடைசி வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது வானம் கறுத்து, இடி இடித்து, ஆலங்கட்டி விழுந்தது. தலையில் நாலு பட்டதும் வைராக்கியம் பறந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

கண் பழக நேரம் பிடித்தது. புது மர வாசனை. எதிரே சமையலிடம். தொட்டி, அடுப்பு, கரண்டி மாட்டும் கொக்கிகள், தட்டு அடுக்கும் சட்டம். நனைந்த கையைப் பிழிய அவள் தொட்டிப் பக்கம் போனாள். பெட்டியைத் தேடிக் கால் தானாகத் துழாவிற்று. பெட்டி இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை. தொட்டி அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது.

கையை நீட்டினாள். கொக்கி கைக்கு எட்டியது. தட்டுச் சட்டம் கண்ணுக்கு நேராக இருந்தது. ஜன்னல், ஓபேத் முட்டி போட்டால்தான் வெளியே பார்க்க முடியும், அவளுக்கு நின்றபடியே ஓடை தெரிந்தது. அந்த ஊரில் அந்த உயரத்தில் வேறு எவளும் இல்லை. குளிர்காலம் முழுக்க அவன் இழைத்தது இதைத்தான்.

திர்சா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே, கோடை பூராவும் அவள் நனைத்த பலகைகள். “ஐயோ, கட்டையில போறவனே, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!” என்று வாய்விட்டு அழுதாள். ஆலங்கட்டி நின்றதும் நிற்காததுமாக வெளியே பாய்ந்து, ஓடையில் வாளியை முக்கி முக்கி, ஏற்கெனவே சொட்டச் சொட்ட நனைந்திருந்த மேல்தளத்தில் உப்புத்தண்ணீரை வாரி இறைத்தாள். உள்ளே போன மழைத்தண்ணீரை அது வெளியே இழுக்காது என்று அவளுக்குத் தெரியும். இருட்டும்வரை இறைத்தாள்.

கால் கூடியதும் குடிபோனார்கள். ஓபேத் கோலை ஊன்றிக்கொண்டு தொட்டியையும் கொக்கியையும் காட்டியபோது அவள் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஓடைத்தண்ணீர் அவள் பொறுப்பு, ஓபேத்தைத் தொடவிடமாட்டாள். மழை பெய்தால் மட்டும் தூக்கம் போய்விடும். மல்லாந்து படுத்து மச்சையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு காலைவேளை, அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மச்சிலிருந்து சொட்டென்று ஒரு துளி சூப்புக்குள் விழுந்தது. பழுப்பு நிறத் துளி. திர்சாவின் கரண்டி நின்றுபோயிற்று. ஓபேத் எழுந்து வந்தான். பேனாக்கத்தியைத் திறந்து உத்திரத்தில் குத்தினான். ரொட்டிக்குள் இறங்குவதுபோலக் கத்தி பிடிவரைக்கும் இறங்கியது.

இதோ வருகிறது என்று திர்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பூச்சி” என்றான் ஓபேத்.

“என்ன பூச்சி?” குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“நம்ம வீட்டுப் பூச்சிதான். எழுத்துப் படிச்சது. இப்போ மரமும் தின்னுது.”

“தெரியுமா உனக்கு?”

“உப்புத்தண்ணி காஞ்சா பலகை வெள்ளையாப் பூக்கும்டி. அந்தக் கோடை முழுக்க ஒரு நாள் பூக்கலை. போதாததுக்கு ரெண்டு கையிலயும் நெறைஞ்ச வாளியோட கரைமேட்டுல தள்ளாடித் தள்ளாடிப் போறே. ஓடைக்கு யாராவது தண்ணி கொண்டுபோவாங்களா? நான் தூரதர்சினியில வேற எதைப் பார்த்தேன்னு நினைச்சே?”

“பாவி! அப்பவே கத்தித் தடுத்திருக்கலாமே! உன் உசுரு ஆச்சே அவ!”

ஓபேத் கத்தியை உருவித் துடைத்தான்.

“தடுக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் உன் மூஞ்சியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவ உன்னை அழவெச்சிருக்கா, நான்தான் கவனிக்கலை. ஒரு கோடை நீ அவளை அழவெச்சுட்டுப் போன்னு விட்டுட்டேன்.”

திர்சா அடுப்பை அணைத்துவிட்டு ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளிருந்தே கேட்டாள்.

“அவளுக்கு வலிச்சிருக்குமா?”

“இருக்கும். ஆனா மூணு வருஷம் தாங்கிக்கிட்டா பாரு. உன்னைக் காட்டிக்கொடுக்கலை.”

உத்திரத்தை இருவருமாக மாற்றினார்கள். அவன் அறுத்தான், அவள் முட்டுக்கொடுத்துப் பிடித்தாள். அடுத்த வருஷம் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. அவள் ஊற்றிய இடமெல்லாம் வரிசையாக உளுத்துக்கொண்டு வந்தது.

ஓபேத் இறந்து பல வருஷம் திர்சா அந்தப் படகிலேயே தனியாக இருந்தாள். சாயங்காலமானால் அவனுடைய நீலச் சட்டை முழங்கால்வரை தொங்க, கடைசி எழுத்துக் கோணலான அந்தப் பேர் நெஞ்சில் சிவக்க, மேல்தளத்துக்கு வருவாள். வாளி தூக்க முடியாமல் போனபோது சூப்புப் பாத்திரத்தால் ஓடைத்தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். பக்கத்துப் படகுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் பார்த்துப் பரிதாபப்பட்டு, “குடுங்க மிசஸ் பெட்டிகன், நான் ஊத்துறேன். நீங்க உக்காருங்க” என்று வாளியோடு ஏறி வந்தாள்.

“கீழ எறங்கு” என்றாள் திர்சா. “அவளுக்கு நான்தான் ஊத்துவேன். வேற எவளும் தொடக் கூடாது.”